நில அங்கீகார உரை வாசித்த பிறகு நம் சங்கங்கள் என்ன செய்யப் போகின்றன?

கரையோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் இயங்கும் ஓர் ஊர் ஒன்றியத்தின் செயலாளராக இருக்கிறேன். இந்த ஆண்டுக் கலைவிழாவில் மங்கல விளக்கேற்றலுக்கு அடுத்ததாக, இந்த நிலம் கனடாவின் பூர்வகுடிகளான எந்த முதற்குடி மக்களுடையது என்று சொல்லும் நில அங்கீகார உரை வாசிக்க வேண்டும் என்று நிர்வாகசபையில் ஒருவர் சொன்னார். எவரும் மறுக்கவில்லை, உடனே தீர்மானமாகிவிட்டது. எனக்கு அது நிறைவாக இல்லை. எந்த நிலம், எந்த ஒப்பந்தம், அந்த மக்கள் இன்று எங்கே வாழ்கிறார்கள் என்று ஒருவரும் கேட்காமல், எங்கிருந்தோ ஒரு பத்தியை எடுத்து வாசிப்பதால் யாருக்கு என்ன பயன்?

தேடிப் படித்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். ரொறன்ரோ நகரின் பெரும்பகுதி, பிரித்தானிய ஆட்சி முதற்குடிகளோடு செய்த 13ஆம் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. 1787இல் தொடங்கி, 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து உறுதிசெய்துகொண்ட அந்தக் கொள்வனவு நேர்மையானதல்ல என்று கிறெடிட் மிசிசாகா என்ற முதற்குடி மக்கள் நெடுங்காலம் போராடினார்கள். 2010இல் கனடிய அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்தக் கோரிக்கையைத் தீர்த்தது. நாம் நெருக்கமாக வாழும் ஸ்காபரோப் பக்கம் 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகிறது. ஏழு முதற்குடிகள் அவற்றில் கையெழுத்திட்டன. வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் அவர்கள் அதோடு கைவிட்டுவிட்டார்கள் என்று அரசுகள் சாதித்தன. 1994இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2018இல்தான் 1.11 பில்லியன் டொலர் இழப்பீட்டோடு அந்த உரிமைகள் மீண்டும் அங்கீகரிக்கப்பட்டன, அரசுகள் மன்னிப்பும் கேட்டன. ரூஜ் ஆற்றுப் பகுதி குறித்து கிறெடிட் மிசிசாகா மக்கள் 2015இல் தனியே ஒரு கோரிக்கையை முன்வைத்திருக்கிறார்கள்.

நாம் வீடு வாங்கியதும் கோயில் கட்டியதும் இந்த நிலத்தில்தான். ஸ்டெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையத்துக்கு இடம் கிடைத்ததும் இதே நிலத்தில்தான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கம் எதை உண்மையாக மதிக்கிறது என்பது அதன் வரவுசெலவுக் கணக்கிலும் ஆண்டு நாட்காட்டியிலும் தெரியும். அந்த இரண்டிலும் முதற்குடி மக்களுக்கு இடமில்லாமல் மேடையில் மட்டும் அவர்கள் பெயரைச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். எங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுபோக விரும்புகிறேன். அதில் என்ன இருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். மறுப்பவர்களும் எழுதுங்கள், கூட்டத்தில் கேட்கப்போகும் கேள்விகளை இங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

---

சனிக்கிழமை ரீச்சர்

கரையோரம் அண்ணா, தொடங்கியதற்கு நன்றி. தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு ஓரளவு தெரியும். செப்ரெம்பர் 30 அன்று செம்மஞ்சள் சட்டை ஏன் அணிகிறோம் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்: 1973இல், ஆறு வயதில், பிலிஸ் வெப்ஸ்ராட் என்ற முதற்குடிச் சிறுமி அம்மம்மா வாங்கிக்கொடுத்த புதுச் சட்டையோடு, முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளில் ஒன்றுக்கு, பிரிட்டிஷ் கொலம்பியாவில் போனார், முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

தெரியாதவர்கள் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும்தான். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், தாய்மொழி பேசியதற்காக அடிபட்டார்கள், 4,000க்கும் மேற்பட்டவர்களின் மரணம் பெயரோடு பதிவாகியிருக்கிறது, கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான் என்று முதியோர் சங்கம் ஒன்றில் தமிழில் சொன்னபோது மண்டபம் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு ஓர் அம்மா, "நாங்கள் கனடா வந்து இறங்கியபோதும் அந்தப் பள்ளி இயங்கிக்கொண்டிருந்ததா பிள்ளை?" என்று கேட்டார். ஆம், 80களில் வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பள்ளிகள் இயங்கிய நாட்டுக்குத்தான் வந்தார்கள்.

ஆகவே என் முதல் ஆலோசனை: இந்த வரலாற்றைத் தமிழில், முதியோருக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் கொண்டுபோவது நம் சங்கங்களால் மட்டுமே முடிகிற வேலை. இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 அறைகூவல்களில் கடைசி இரண்டும் குடிவந்தவர்களைப் பற்றியவை. ஒன்று, குடியுரிமைப் பாடத்திலும் தேர்விலும் ஒப்பந்தங்களும் வதிவிடப் பள்ளிகளும் இடம்பெற வேண்டும் என்பது. மற்றது உறுதிமொழி. 2021 ஜூனில் உறுதிமொழி மாறிவிட்டது. முதற்குடிகள், இனுவிட், மேட்டி மக்களின் உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பை மதிப்பேன் என்று இன்று குடியுரிமை பெறும் ஒவ்வொரு தமிழரும் சத்தியம் செய்கிறார். தாம் எதற்குச் சத்தியம் செய்கிறோம் என்பதை அவர்களுக்கு விளக்கும் ஒரு தமிழ் வகுப்பையாவது நாம் நடத்தலாம்.

இரண்டாவது, போய்ப் பார்ப்பது. பிராண்ட்ஃபோர்டில் மோஹாக் இன்ஸ்ரிரியூட் கட்டடம் நிற்கிறது. 1970 வரை வதிவிடப் பள்ளியாக இருந்தது. தினமும் கஞ்சியே ஊற்றியதால் பிள்ளைகள் அதற்கு 'மஷ் ஹோல்' என்று பெயர் வைத்தார்கள். 2013இல் கூரை ஒழுகிச் சேதமானபோது, இடிப்பதா காப்பதா என்று அந்தச் சமூகத்திடமே கேட்கப்பட்டது. சாட்சியாக நிற்கட்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதைப் பராமரிக்கும் வூட்லண்ட் பண்பாட்டு மையத்துக்குப் பணம் கட்டி, அவர்களுடைய வழிகாட்டிகளோடு பெரியவர்களை அழைத்துப் போகலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஸ்காபரோவிலேயே லோரன்ஸ், பெல்லமி வீதிகளுக்கு அருகில் ரேபர் ஹில் இருக்கிறது. 1956இல் மண் அள்ளியபோது வென்டாட் மக்களின் பல நூற்றாண்டு பழைய கூட்டுப் புதைகுழி அங்கே வெளிப்பட்டது. எலும்புகள் மறுபடி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டன. ஒன்றே ஒன்று: அது பூங்காவாகத் தெரிந்தாலும் மயானம். சாப்பாட்டுப் பொதிகளோடு போக வேண்டாம்.

---

வல்லை வெளி

நான் மறுக்கிற பக்கம். கோபம் இல்லாமல் எழுதுகிறேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு நிலம் பிடிக்க வரவில்லை. 83க்குப் பிறகு உயிரைக் காப்பாற்ற வந்தோம். என் தகப்பனாருடைய காணி இன்னும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடக்கிறது. ஒரு கையில் சொந்த மண்ணை இழந்தவனிடம், மறு கையில் பிறர் மண்ணைப் பறித்தவன் என்ற பட்டத்தைக் கொடுத்தால் எப்படி ஏற்பான்? வதிவிடப் பள்ளியை நடத்தியவர்கள் அரசும் தேவாலயங்களும். அவர்கள் கட்டட்டும் இழப்பீடு.

இரண்டாவது, பணம். எங்கள் ஒன்றியம் சேர்க்கிற ஒவ்வொரு டொலரும் ஊரில் ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு, கால் இழந்த ஒருவரின் வாழ்வாதாரம். அதில் கைவைக்கும் தீர்மானத்துக்கு என் கை உயராது. அனுதாபம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. ஆனால் எல்லாருடைய சுமையையும் தூக்கப் போய் எங்களை நம்பி இருப்பவர்களைக் கைவிடக்கூடாது.

---

நீர்வேலி நீலா

வல்லை வெளி அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். குற்றவாளிக் கூண்டில் நம்மை ஏற்ற யாரும் கேட்கவில்லை. முதற்குடி நண்பர்களோடு பழகிய அளவில், நம்மிடம் அவர்கள் குற்ற உணர்ச்சியை எதிர்பார்ப்பதை நான் கண்டதில்லை. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ஒப்பந்தம் என்பது இரு தரப்பு. நாம் குடியுரிமை எடுத்த நாளில் அதன் ஒரு தரப்பில் போய் நிற்கிறோம். அந்த ஒப்பந்தத்தால் கிடைத்த நிலத்தின் பயனை வீட்டுப் பத்திரமாகக் கையில் வைத்திருக்கிறோம்.

நீங்கள் பணம் சேர்ப்பதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். 1927 முதல் 1951 வரை, முதற்குடிகளை ஆளக் கனடா இயற்றிய 'இந்தியர் சட்டத்தில்' (Indian Act) 141ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நிலக் கோரிக்கைக்கு வழக்கறிஞர் வைக்கவென்று முதற்குடிகளிடம் பணம் சேர்ப்பது குற்றம். நிதி திரட்டியவரைச் சிறைக்கு அனுப்பலாம். கனடாவின் மேற்குக் கரையோர முதற்குடிகள் பரிசுகள் வழங்கி நடத்தும் பொட்லாச் சடங்கு 1885இல் தடைசெய்யப்பட்டு அதே 1951 வரை தடையிலேயே இருந்தது. சட்டப்படி முதற்குடி என்ற தகுதிநிலையை விட்டுக்கொடுக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு 1960இல்தான் கிடைத்தது.

நாம் இங்கே வந்த சில ஆண்டுகளுக்குள் சங்கம் பதிந்தோம், இராப்போசன விருந்து வைத்து நிதி சேர்த்தோம், சட்டத்தரணி வைத்தோம், வாக்களித்தோம், பின்னர் நம்மவரைப் பாராளுமன்றத்துக்கும் அனுப்பினோம். சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு மறுக்கப்பட்ட அதே கருவிகள் அவை. 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் நான்கே ஆண்டுகளில் வழக்காடும் வழியையும் இழந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. நம் கையில் உள்ள கருவியில் ஒரு பங்கை அவர்கள் பக்கம் திருப்புவது வன்னிப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

---

எக்ளின்ரன் கிழக்கு

குடிவந்தோர் சேவை நிறுவனத்தில் நீண்ட காலம் வேலை செய்கிறேன். 'ஏன்' என்பதை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். 'எப்படி' என்பதில்தான் நல்ல மனம் படைத்த சங்கங்களும் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில், யாரிடம் போகிறோம்? கிறெடிட் மிசிசாகா மக்களின் ஊர் ஹேகர்ஸ்வில் பக்கம். வில்லியம்ஸ் ஒப்பந்த முதற்குடிகளில் ஸ்காபரோவுக்குக் கிட்ட உள்ளது ஸ்கூகொக் தீவு. அவை ஒப்பந்த உரிமையுள்ள அரசுகள். நிலம் பற்றிய விடயம் என்றால் அவர்களோடுதான் பேச வேண்டும். ரொறன்ரோ நகருக்குள் வாழும் முதற்குடி மக்கள் கிறீ, ஒஜிப்வே, மோஹாக், இனுவிட், மேட்டி என்று பல இடங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கென்று 1962இல் தொடங்கிய நேட்டிவ் கனேடியன் சென்டர் இன்று ஸ்பைடைனா வீதியில் இயங்குகிறது. குழந்தைகள் நலம், மருத்துவம், தங்குமிடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒருவரை அழைத்துவிட்டு "முதற்குடிகள் எல்லோரிடமும் கேட்டுவிட்டோம்" என்று சொல்ல முடியாது.

அடுத்தது, எப்போது போகிறோம்? செப்ரெம்பர் மாதத்தில் ரொறன்ரோவின் ஒவ்வொரு பள்ளியும் வங்கியும் அலுவலகமும் தம் நிகழ்ச்சிக்கு முதற்குடி மூத்தோர் ஒருவரைத் தேடுகின்றன. மூத்தோர் ஒருவர் மூன்று நிகழ்ச்சிகளுக்கு ஒரே நாளில் ஓடுவார். அந்தக் கூட்டத்தில் நாமும் சேர வேண்டாம். பெப்ரவரியில் போங்கள். எதையும் கேட்காமல் போங்கள். அவர்களுடைய பௌவௌ என்ற ஆடல் பாடல் விழா, சந்தை, நிதி திரட்டும் விருந்து ஆகியவற்றுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராகப் போய் உட்காருங்கள். இரண்டு மூன்று முறை முகம் தெரிந்த பிறகு, எங்களால் என்ன முடியும் என்று கேட்கலாம். பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. ஓர் அமைப்பிடம் நாங்கள் நாட்டிய நிகழ்ச்சி கொடுக்கலாமா என்று கேட்டோம். குளிர்காலத்தில் சனி இரவுகளில் சமைத்துப் பரிமாற ஆள் போதவில்லை, வர முடியுமா என்று கேட்டார்கள். போனோம். நம் ஆட்கள் நூறு பேருக்குச் சமைப்பதில் கைதேர்ந்தவர்கள்.

அழைக்கும் முறை: அனிஷினாபே, ஹோடெனோஷோனி ஆகிய முதற்குடி மக்களின் மரபில் மூத்தோரிடம் ஒன்றைக் கேட்குமுன் துணியில் முடிந்த புகையிலையைக் கையில் கொடுக்க வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதன் பொருள் தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இனுவிட் மரபில் புகையிலை இல்லை. ஆகவே அவரவர் வழக்கம் என்ன என்று முன்கூட்டியே அவருடைய உதவியாளரிடம் கேளுங்கள்.

பணம்: புகையிலை கொடுத்ததால் கூலி வேண்டாம் என்று ஆகாது. மதிப்பூதியத்தை உறையிலிட்டு அன்றே கொடுங்கள். விலைச்சீட்டு அனுப்புங்கள், வங்கி விவரம் தாருங்கள், முப்பது நாளில் வரும் என்று ஒரு மூத்தவரை அலைக்கழிக்காதீர்கள். போக்குவரத்துச் செலவையும் கூட வருபவரின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேடை: பிரதம விருந்தினர் இருபது நிமிடம், அனுசரணையாளர் பத்து நிமிடம், மூத்தோருக்கு மூன்று நிமிடம் என்ற நிரலை நான் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். அவர் தொடங்கி வைத்தால் அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். சடங்காக சேஜ், இனிப்புப்புல் ஆகிய மூலிகைகளை எரித்துப் புகையிடுவதாக இருந்தால் தீ எச்சரிக்கை மணி பற்றி மண்டப நிர்வாகத்துடன் முதலே பேசிவிடுங்கள். சடங்கின் நடுவில் மணி அடிப்பது பெரும் அவமரியாதை. சடங்கைப் படம் எடுக்கக்கூடாது என்று ஒலிவாங்கியில் தமிழில் அறிவியுங்கள். நம் கூட்டத்தில் கைபேசி உயராத கணம் இல்லை.

---

நெடுந்தீவுக் காற்று

எக்ளின்ரன் கிழக்கு எழுதியதை அச்செடுத்து எங்கள் பழைய மாணவர் சங்கக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.

---

செவ்வாற்றங்கரை

வின்னிபெக்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடந்த ஒன்று உங்கள் தீர்மானத்துக்கு உதவலாம்.

எங்கள் நகரத்தின் குடிநீர் ஷோல் ஏரியிலிருந்து வருகிறது. 1919 முதல் கால்வாய் வழியாக. அந்தக் கால்வாய்க்காக ஷோல் லேக் 40 முதற்குடியின் நிலம் எடுக்கப்பட்டது. வெட்டிய வெட்டில் அவர்களுடைய ஊர் தீவாகிவிட்டது. ஏரியின் நல்ல தண்ணீர் வின்னிபெக்குக்கு வந்தது. அவர்கள் 1997 முதல் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவித்தலின்கீழ் வாழ்ந்தார்கள். வீதி இல்லாததால் குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலேதான் பயணம். மெலிந்த பனியில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. 2014இல் வின்னிபெக்கில் மனித உரிமை அருங்காட்சியகம் திறந்தபோது, அவர்கள் தங்கள் ஊரையே 'கனடிய மனித உரிமை மீறல் அருங்காட்சியகம்' என்று அறிவித்து மக்களை வந்து பார்க்க அழைத்தார்கள்.

அந்த அழைப்பை ஏற்றுப் போனவர்கள் தேவாலயக் குழுக்களும் சாதாரண குடிமக்கள் அமைப்புகளும். போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் பலகை வைத்தார்கள், பிரதிநிதிகளுக்கு எழுதினார்கள், "எங்கள் குழாய்த் தண்ணீருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்" என்று நகரசபையில் பேசினார்கள். எந்த வீதி, எங்கே, எப்படி என்பதை ஷோல் லேக் மக்களே சொன்னார்கள். ஆதரவாளர்கள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2019இல் வீதி திறந்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் விடுதலை வீதி. 2021இல் நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் வந்து, கொதிக்கவைக்கும் அறிவித்தல் நீங்கியது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: பொதுவாக 'முதற்குடிகளுக்கு ஆதரவு' என்று தீர்மானம் எழுதாதீர்கள். ஒரு முதற்குடி, அவர்கள் ஏற்கெனவே எழுப்பியிருக்கும் ஒரு கோரிக்கை, அது நிறைவேறும்வரை பல ஆண்டுகள் என்று எழுதுங்கள். உங்கள் மாகாணத்தில் கிறாஸி நரோஸ் மக்கள் 1960களில் டிரைடன் காகித ஆலை ஆற்றில் கொட்டிய பாதரசத்துக்காக இன்னும் போராடுகிறார்கள். அவர்கள் ரொறன்ரோவுக்கு ஊர்வலமாக வரும்போது எத்தனை தமிழ்ச் சங்கங்களின் பதாகை அங்கே நிற்கும்?

---

ரூஜ் நதி

நான் இங்கே பிறந்தவன். தமிழில் எழுதுவதில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பேசியது நல்லிணக்கம் பற்றி. குடியேற்ற ஆதிக்கத்தைக் களைவது என்றால் அதற்கு மேலும் ஒன்று வேண்டும்: நிலமும் அதிகாரமும் திரும்ப வேண்டும். அது அரசின் வேலை என்று விட்டுவிடாமல் சிறிய அமைப்புகளும் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் சியாற்றிலில் டுவாமிஷ் மக்களுக்கு, ஓக்லண்ட் பகுதியில் பூர்வகுடிப் பெண்கள் நடத்தும் சொகோரியா டே நில அறக்கட்டளைக்கு, அங்கே வாழும் மக்களும் நிறுவனங்களும் மாதாமாதமோ ஆண்டுதோறுமோ தாமாகவே ஒரு வாடகை கட்டுகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று கொடுப்பவர் கேட்பதும் இல்லை. 2022இல் ஓக்லண்ட் நகரமே ஒரு பூங்காவில் ஏறத்தாழ ஐந்து ஏக்கரை அந்த அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது.

நம் சங்கங்கள் மண்டப வாடகை கட்டாத மாதம் இல்லை. அதனோடு ஒரு வீதத்தை நில வாடகையாகச் சேர்த்துவிடலாம். தமிழ்ச் சமூக மையத்திலும், திறப்பு விழாவில் ஒரு சடங்கு என்று நிறுத்திவிடாமல், ஆண்டு முழுவதும் முதற்குடி அமைப்புகள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் ஓர் அறையும், நிர்வாகத்தில் அவர்களுக்கு நிரந்தர இடமும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இது என் வயதுக்காரர்களிடமும் பார்க்கிறேன். "நாங்களும் ஈழத்தின் பூர்வகுடி, உங்கள் வலி எங்களுக்குத் தெரியும்" என்று தொடங்கி, அவர்களுடைய கூட்டத்தில் நம் கதையைச் சொல்லி முடிக்கிறோம். நம் இழப்பு உண்மை. அது அவர்களுடைய ஒலிவாங்கியை எடுத்துக்கொள்ளும் உரிமையை நமக்குத் தராது. கேட்டால் சொல்லுவோம்.

---

ஓய்வுபெற்ற தபாலதிபர்

ரூஜ் நதித் தம்பி, உங்கள் தமிழில் குறையில்லை. அறை பற்றிய யோசனை எனக்குப் பிடித்தது.

ஆணைக்குழு என்றாலே நம் ஆட்களுக்கு வரும் அவநம்பிக்கையைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் பொதுக்கூட்டத்தில் அது கட்டாயம் எழும். இலங்கையில் 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு வந்தது. காணாமல் போனோருக்கென்று 2013இல் இன்னொன்று வந்தது. தாய்மார் படங்களோடு வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். இன்றும் வீதியோரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். ஆகவே 'உண்மை, நல்லிணக்கம்' என்று எவர் சொன்னாலும் நம் நெஞ்சு இறுகுகிறது.

கனடாவின் ஆணைக்குழு வேறு வழியில் பிறந்தது. பள்ளிகளில் இருந்து உயிர்தப்பியவர்கள் வழக்குப் போட்டு, 2006இல் அரசையும் தேவாலயங்களையும் உடன்படிக்கைக்கு இழுத்துவந்தார்கள். அந்த உடன்படிக்கையின் ஒரு பகுதியாக, அவர்களுடைய இழப்பீட்டுப் பணத்தின் பங்கில் நடந்தது அது. தலைவராக இருந்த மறி சின்கிளேயர் அனிஷினாபே நீதிபதி. 6,500க்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். அப்படி வந்த அறிக்கையையும் பெரும்பகுதி நிறைவேற்றாமல் வைத்திருக்கிறார்கள். சாட்சி சொன்னவர் தன் பங்கை முடித்துவிட்டார். கேட்டவர்களின் பங்கு நிலுவையில் இருக்கிறது. நம் தாய்மாரின் சாட்சியத்தைக் கேட்டுவிட்டு மறந்த உலகத்தை நாம் நொந்துகொள்கிறோம். நாமும் அதே மறதியைச் செய்யக்கூடாது என்பதே என் வேண்டுகோள்.

பணம் தேவைப்படாத ஒரு வேலை சொல்கிறேன். சிண்டி பிளாக்ஸ்ரொக் நடத்தும் முதற்குடிக் குழந்தைகள் நல அமைப்பு, குழந்தை நலச் சேவைகளில் அரசு குறைவாகச் செலவிட்டுப் பாகுபாடு காட்டுகிறது என்று 2007இல் முறையிட்டது. 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் அது உண்மை என்று தீர்த்தது. 2023இல் 23 பில்லியன் டொலருக்கும் அதிகமான இழப்பீடு உறுதியானது. இந்த நீண்ட வழக்கில் பொதுமக்கள் விசாரணைக்கு வந்து வெறுமனே உட்கார்ந்து பார்த்தார்கள். சாட்சியாக இருங்கள் என்பதே அந்த அமைப்பின் அழைப்பு. ஒவ்வொரு பெப்ரவரி 14 அன்றும் பிள்ளைகள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ரீச்சர், உங்கள் சனிக்கிழமை வகுப்பில் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லலாமே. முத்திரைச் செலவும் இல்லை. பாராளுமன்றத்துக்கு அனுப்பும் கடிதத்துக்குத் தபால் இலவசம்.

---

சனிக்கிழமை ரீச்சர்

கட்டாயம் செய்கிறேன் ஐயா. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கடிதம் எழுதும் பயிற்சியாகவும் இருக்கும்.

---

வாகரை வெண்மணல்

இந்த இழையைப் படித்துக்கொண்டு வரும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. எங்கள் கிழக்கில் வாகரை, மூதூர்ப் பக்கங்களில் இலங்கையின் பூர்வகுடிகளான கரையோர வேடர் வாழ்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள். போரும் 2004 ஆழிப்பேரலையும் அவர்களையும் அடித்தன. கனடாவிலிருந்து அந்தப் பகுதிக்கு உதவி அனுப்பும் நம் அமைப்புகள் கிணறு வெட்டுகின்றன, கோயில் திருத்துகின்றன, பள்ளிக் கட்டடம் கட்டுகின்றன. இவற்றில் எதையாவது அவர்களிடம் கேட்டுச் செய்கிறோமா? அவர்களுடைய குமார தெய்வச் சடங்கு நடக்கும் இடத்தை நாம் 'முறைப்படி' கட்டிக்கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசிக்கிறோமா?

இதைக் கனடா விடயத்தைத் திசைதிருப்ப எழுதவில்லை. இங்கே முதற்குடிகளிடம் கேட்டுச் செய்யக் கற்றுக்கொள்ளும் சங்கம், அங்கே வேடரிடமும் கேட்டுச் செய்யும். தீர்மானத்தில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

---

வல்லை வெளி

எல்லாவற்றையும் படித்தேன். 141ஆம் பிரிவு எனக்குத் தெரியாத செய்தி. அது மனதைத் தைத்தது.

என் கருத்து முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊருக்குப் போகும் நிதியில் ஒரு சதமும் குறையக்கூடாது. அதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் எங்கள் விருந்தில் மேடை அலங்காரத்துக்கும் பூவுக்கும் பொன்னாடைக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் போகிற செலவை நான் பொருளாளராக இருந்தபோது பார்த்தவன். அந்தத் தலைப்பிலிருந்து எடுத்தால் நானே வழிமொழிகிறேன். செவ்வாற்றங்கரை சொன்னதும் சரி: ஒரு கோரிக்கை, பல ஆண்டுகள். ஆளுக்கொரு ஆண்டு ஆளுக்கொரு ஆசை என்றால் எதிர்ப்பேன்.

---

கணக்குப் புத்தகம்

பணத்தைப் பற்றிப் பேசுவதால் தொழில்முறையில் ஒரு குறிப்பு. நம் ஊர் ஒன்றியங்களில் பெரும்பாலானவை இலாபநோக்கற்ற சங்கங்கள். வருமானவரித் திணைக்களத்தில் அறக்கொடை நிறுவனமாகப் பதிந்தவை குறைவு. இலாபநோக்கற்ற சங்கம் என்றால் உங்கள் யாப்பின் நோக்கங்களில் இது அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அதே பொதுக்கூட்டத்தில் யாப்பைத் திருத்துங்கள். பதிந்த நிறுவனம் என்றால், பல முதற்குடி அரசுகள் தகுதியுள்ள பெறுநராகத் திணைக்களத்தின் பட்டியலில் இருக்கின்றன; அவற்றுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். பட்டியலில் இல்லாத அமைப்புகளுக்கும் 2022இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பணம் எப்படிப் பயன்பட்டது என்று பதிவு வைத்துக்கொண்டு கொடுக்கலாம்.

அந்தப் பதிவு வைக்கும் வேலையை அவர்கள் தலையில் போடாதீர்கள். சிறு தொகைக்குப் பத்துப் பக்க அறிக்கை கேட்கும் கொடையாளிகளால் முதற்குடி அமைப்புகள் களைத்துப்போயிருக்கின்றன. தொலைபேசியில் அவர்கள் சொல்வதை உங்கள் செயலாளர் எழுதிக் கோப்பில் வைத்தால் பெரும்பாலும் போதும்.

---

கரையோரம்

எழுதிய அனைவருக்கும் நன்றி. தீர்மானத்தின் வரைவை இப்படி வைத்திருக்கிறேன்.

ஒன்றியம் தன் விருந்து, அலங்காரச் செலவிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கும்; ஊர் நிதியைத் தொடாது. முதல் ஆண்டில் எந்த நிகழ்ச்சியும் நடத்தாது. நிர்வாகசபையில் இருவர் ஸ்கூகொக் தீவு மக்களின் பொது நிகழ்வுகளுக்கும் நகரத்திலுள்ள ஓர் அமைப்பின் சமையலறைக்கும் போய்வருவார்கள். ஆண்டு முடிவில், அவர்கள் ஏற்கெனவே எழுப்பியுள்ள கோரிக்கைகளில் எதற்கு நாங்கள் துணைநிற்கலாம் என்று அவர்களிடமே கேட்டு, அதை ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்வோம். நிர்வாகம் மாறினாலும் அது மாறாது என்பதை யாப்பில் எழுதுவோம். முதியோருக்கான தமிழ் அமர்வுகளைச் சனிக்கிழமை ரீச்சர் நடத்தச் சம்மதித்திருக்கிறார்; முதல் அமர்வு பெப்ரவரியில். கிழக்கில் நாங்கள் செய்யும் எந்த வேலைக்கும் முன்னர் அங்குள்ள வேடர் சமூகத்திடம் கேட்பது என்ற வரியையும் சேர்த்துவிட்டேன். சமூக மையத்தில் அறை, நிர்வாக இடம் பற்றி ரூஜ் நதி ஒரு கடிதம் எழுதித் தந்தால் ஒன்றியத்தின் பெயரில் அனுப்புவோம். மற்றச் சங்கங்களும் கையெழுத்திட முன்வந்தால் இன்னும் நல்லது.

நில அங்கீகார உரை இந்தக் கலைவிழாவில் இருக்காது. அதை எழுதும் தகுதி வந்த பிறகு, யாருடைய நிலமோ அவர்களிடம் காட்டி ஒப்புதல் பெற்று வாசிப்போம்.

திருத்தம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். வல்லை வெளி அண்ணா, வழிமொழிபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன், கூட்டத்துக்கு வந்துவிடுங்கள்.